நாலரை மணி வலை

நாலரைக்கு விசில்.
அரியமான் ரிசார்ட்டில் புல்தரை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில்
எட்டுப் பேர் வரிசையாய் நிற்போம்.
கட்டம் போட்ட கைலி, தலையில் சிவப்புத் துண்டு,
சட்டை கிடையாது, ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.
‘மரபு அனுபவம்’ என்கிறது அறையில் வைத்த அட்டை.
தலைக்கு முந்நூற்றைம்பது, ஒரு டீ.

என் அப்பா மண்டபம் ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதினார்.
கடலில் கால் நனைத்தது ஆடி அமாவாசைக்கு மட்டும்.
நான் வலையைத் தொட்டதே இந்த வேலைக்கு வந்த பிறகுதான்.
எட்டில் நிஜமாகக் கரைவலை இழுத்தவன்
லவேந்திரன் ஒருவன்.
அவனுக்கு நடிப்பு வரவில்லை என்று
வரிசையின் கடைசியில் நிறுத்தியிருக்கிறார் மேனேஜர்.

மீன் காலையிலேயே வந்துவிடும்,
பாம்பன் மார்க்கெட்டிலிருந்து, ஐஸ் பெட்டியில்.
ஐந்து கிலோ நகரை, இரண்டு கிலோ ஊளி.
மடிக்குள் போட்டுக் கட்டி
முழங்கால் தண்ணீரில் இறக்கி வைப்போம்.
விருந்தினர் கயிறு பிடிப்பார்கள், ஏலேலோ என்பார்கள்.
ஏற்கெனவே செத்த மீன்
கைதட்டலில் மறுபடி சாகும்.

இதற்கு முன் நான்கு வருடம்
தாய்லாந்தில், பதோங்கில், ஒரு ஹோட்டல் சலவையறை.
அங்கே நோக் கூட வேலை பார்த்தாள்.
நோக் என்றால் பறவையாம்.
முழுப்பெயர் பேட்ஜில் அடங்கவில்லை.
பகலில் இருவரும் துண்டுகளை யானையாய், அன்னமாய் மடிப்போம்.
இரவில் அவள் சரிகை உடுத்தி, பித்தளை நகம் மாட்டி
சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே ஆடுவாள்.
உங்க ஊர் ஆட்டமா என்று கேட்டேன்.
விரலால் மேலே காட்டினாள்:
இரண்டாவது மாடி, பயிற்சி அறை, பதினொரு நாள்.
அவள் அப்பா லாரி ஓட்டியவர்.
தங்கைக்கு வேறொரு தெருவில் வேலை என்றாள்.
எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை.

ஒருமுறை ஊருக்குப் போய்த் திரும்பியவள் சொன்னாள்:
கோயில் விழாவில் அந்த ஆட்டத்தையே ஆடச் சொன்னார்களாம்.
ஆடினாளாம்.
நம்ம ஆட்டம் எவ்வளவு அழகு என்று
அவள் அம்மா அழுதாளாம்.

போன மாசியில் ஒரு செவ்வாய்.
கயிறு பாதி வந்திருக்கும்,
லவேந்திரன் தலையை நிமிர்த்தினான்.
“ஏய் நம்புராசா, காலை ஊன்டா” என்றான்.
விசிலுக்கு மேல் ஒரு குரல் அன்றுதான் கேட்டோம்.
கயிறு உள்ளங்கையைத் தின்றது.
மடி கரையேறியபோது உள்ளே சூடை,
எழுபது கிலோவாவது இருக்கும், உயிரோடு, கூச்சலாய்.

முதலில் படம் பிடித்தார்கள்.
பிறகும் துள்ளல் நிற்கவில்லை.
ஒரு குழந்தை அழுதது.
ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு
திரும்ப விட்டுவிட முடியாதா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.
மேனேஜர் நகரையைத் தேடிக்கொண்டிருந்தார்,
அதற்குத்தான் பில் இருந்தது.
வலை ரிசார்ட்டுடையது, ஆகவே மீனும் என்றார்.
லவேந்திரன் பதில் சொல்லவில்லை.
வலைமேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான்.

மச்சானின் மினி வேனில் ஏற்றி விற்றுவிட்டு
இரவே பங்கு பிரித்தான்.
ஆளுக்கு நானூற்றுப் பத்து.
கூலியைவிட அறுபது ரூபாய் கூட.

மறுநாள் அவன் வரிசையில் இல்லை.
கடைசி இடம் இப்போது எனக்கு.
எனக்கும் நடிப்பு கெட்டுவிட்டதாம்.

இருட்டிய பிறகு பதினாலாம் அறை.
இங்கே யானை இல்லை, அன்னமில்லை,
ஆவுளியா மடிக்கச் சொல்கிறார்கள்,
கண்ணுக்கு இரண்டு மிளகு.
படமெடுத்து நோக்குக்கு அனுப்பினேன்.
எங்க கடலிலும் இது உண்டு, பயூன் என்போம் என்று எழுதினாள்.
பார்த்திருக்கியா என்று கேட்டேன்.
இல்லை, நீ?

கட்டில் நடுவே வைத்து
வாலைச் சரிசெய்தேன்.
ஒரு மிளகு உருண்டு கட்டிலடியில் போய்விட்டது.